விளக்கு வைக்கும் நேரத்துக் கால்கள்

நல்லசிவத்தின் கால்கள் மட்டும் வீட்டுக்கு வர ஆரம்பித்த அந்த ஆடி மாதத்தில் எங்கள் தெருவில் ஆச்சரியப்பட யாருக்கும் தெம்பு இருக்கவில்லை. ஊர் ஊராகப் போய்ப் பாறையைத் துளைத்து அடுத்தவர்களுக்குத் தண்ணீர் காட்டும் ரிக் வண்டிகளின் ஊர் இது, ஆனால் எங்கள் குழாயில் தண்ணீர் வருவது அதற்கு மனசு வந்தால்தான். அதைப் பிடித்து வைத்து, தறிக்கும் கோழிப்பண்ணைக்கும் வேலைக்குப் போய், திரும்பி வந்து சமைத்து, வடக்கே போன புருஷன் போன் எடுக்கிறானா என்று பார்த்து, எடுக்காவிட்டால் அதற்கும் ஒரு காரணத்தை நாமே யோசித்துக்கொண்டு, படுத்தால் போதும் என்று இருக்கிற பெண்கள் நிறைந்த தெருவில், ஆள் இல்லாமல் கால்தடம் மட்டும் நடந்து வந்தால், வந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் தோன்றும்.

எங்கள் ஆண்கள் மழை ஓய்ந்ததும் வண்டி கட்டிக்கொண்டு வடக்கே போவார்கள், அங்கே மழைக்காலம் பிறந்து வேலை நின்றதும் ஆடியில் திரும்பி வருவார்கள். வண்டி கிளம்பும்போது சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, எல்லாரும் ஒரே குரலாக “போயிட்டு வாங்க” என்று சொல்லி அனுப்புவோம். ‘போ’ என்று தனியாகச் சொல்கிற வழக்கம் எங்கள் தெருவில் கிடையாது. புருஷன் குடித்துவிட்டு வந்து அடித்த மறுநாள் காலையிலும் “போயிட்டு வாங்க” என்று சொன்னவர்கள் நாங்கள், நாயைத் துரத்தும்போதுகூட ஒரு நிமிஷம் யோசிப்போம்.

அந்த ஆடியில் எல்லாரும் வந்தார்கள், டிரில்லர் நல்லசிவம் வரவில்லை. போன்தான் வந்தது. ராய்ப்பூர் பக்கம் ஒரு வீடு இருக்கிறது, அந்த வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள், நடக்கப் பழகும் ஒரு பையன் இருக்கிறான், இனிமேல் அங்கேதான், மாசாமாசம் பணம் அனுப்பிவிடுகிறேன் என்று, பேங்கில் வரிசையில் நிற்கிறவன் மாதிரி அடங்கின குரலில் பூங்கோதையிடம் சொன்னான். அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் வாய் வலிக்கத் திட்டித் தீர்த்துவிட்டு அவள் தூங்கியிருக்கலாம். பூங்கோதை கோழிப்பண்ணையில் முட்டை பிரிக்கிறவள், ஈர சிமெண்டுத் தரையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றபடியே உடைந்தது, விரிசல் விட்டது, சின்னது, பெரியது என்று பிரிக்கிற வேலை. அன்றைக்கும் போனை வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

அவர்களுக்கு ஒரே பெண், பிரகல்யா, பன்னிரண்டாம் வகுப்பு. அவள் அழவில்லை. மலைக்குப் போனாள். எங்கள் ஊர் மலைமேல் பாதி ஆணும் பாதி பெண்ணுமாக ஒரே உடம்பில் நிற்கிற சாமி இருக்கிறது; பெண்டாட்டியை விட்டு ஒரு நூல் கூடப் பிரியாத சாமிக்கு இது புரியாமல் எந்தச் சாமிக்குப் புரியும் என்று அந்தப் பெண் நினைத்தாள், அதில் தப்பு சொல்ல முடியாது. அப்பா வீட்டுக்குள் கால் வைக்கிற வரைக்கும் செருப்பு போட மாட்டேன் என்று நேர்ந்துகொண்டு, மேலேயே செருப்பை விட்டுவிட்டு, ஆடி வெயிலில் வெறுங்காலோடு இறங்கி வந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் சுடுகிற தார் ரோட்டில் ஒரு பெண் தாவித் தாவி வருவதைப் பார்த்த பிறகு தெருவுக்குச் சொல்ல என்ன இருக்கிறது?

அன்றைக்குச் சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் கால்கள் வந்தன.

கேட்டுக்கு வெளியே ரோட்டில் ஒன்றும் இல்லை. கேட்டுக்கு உள்ளே முதல் தடம், ஈரமான சாம்பல் நிறத்தில். போர் போடும்போது பாறை மாவாகித் தண்ணீரோடு குழம்பிக் குழியிலிருந்து பீறிட்டுக் கொட்டுமே, அந்தக் கல்மாவு. அதற்கப்புறம் இடது, அதற்கப்புறம் வலது, ஷிப்டு முடிந்து வருகிற மனுஷன் எப்படி அவசரமில்லாமல் வருவானோ அப்படி ஒவ்வொன்றாகப் பதிந்து, வாசல் தாண்டி, ஹாலைத் தாண்டி, சாமி அலமாரிக்கு முன்னால் போய் ஜோடியாக நின்றன. வலது காலில் சுண்டுவிரல் பதியவில்லை. குழிக்குள் இறக்குகிற கேசிங் பைப் விழுந்து நசுங்கிய விரல் அது, தெருவுக்கே தெரியும். திரும்பிப் போகிற தடம் மட்டும் எப்போதும் இருந்ததில்லை. காலையில் காய்ந்து தரையைக் கவ்விக்கொண்டு கிடக்கும்.

வேலை முடிந்து வந்த பூங்கோதை அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “காலக் கழுவிட்டு உள்ள வரக் கூடாதா?” என்று கேட்டுவிட்டு, சுற்றிலும் சிந்தினதைத் துடைப்பதற்குத் துணி தேடப் போனாள்.

மறுநாள் அவளே ஸ்பீக்கரில் போன் போட்டாள். பக்கத்து வீட்டு ருக்குமணியக்கா சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டதால் எங்களுக்கும் தெரியும்.

“ஏனுங்க, உங்க காலு இங்க வந்து நிக்குதுங்க.”

 அந்தப் பக்கத்திலிருந்து நல்லசிவம் சொன்னான், “அதான் பாத்தேன். பொழுது சாஞ்சா ரெண்டு காலும் மரத்துப்போகுது. டாக்டரு சத்து மாத்திரை குடுத்திருக்காரு.” கூடவே, “தொந்தரவா இருக்குதா?” என்றான்.

“தொடைக்கோணும்” என்றாள் பூங்கோதை.

அதற்கு மேல் அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. நாங்கள்தான் பேசினோம். வீட்டு ஓனர் வந்து, மொசைக் தரையில் கறை பிடித்தால் அட்வான்ஸில் கழித்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டு, போகும்போது தடங்களுக்கு ஒரு கும்பிடும் போட்டுவிட்டுப் போனார். கரண்ட் ரீடிங் எடுக்கிறவர் ஓரமாகச் சுற்றி நடக்கப் பழகிக்கொண்டார். ருக்குமணியக்கா காய்ந்த கல்மாவைக் கொட்டாங்குச்சியில் வழித்துக்கொண்டு போய் அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்த்துப் பார்த்தாள், பாத்திரம் கண்ணாடி மாதிரி வந்தது, அதிலிருந்து காலையில் கொட்டாங்குச்சியோடு நாலு பேர் பூங்கோதை வாசலில் நிற்பது வழக்கமாயிற்று. மழைக்காலம் முடிந்து வண்டிகள் வடக்கே போனதும், கூப்பிட்டால் போன் எடுக்காத புருஷன்களின் பெண்டாட்டிகள் அவரவர் வீட்டுப் பழைய செருப்புகளைக் கொண்டுவந்து அந்த வாசலில் விட்டுப் பார்த்தார்கள், வந்தாலும் வரும் என்று. செருப்பு குவிந்ததே தவிர வேறு யார் காலும் வரவில்லை. “உனக்குக் காலாச்சும் வருது போ” என்று ஒருத்தி பூங்கோதையிடம் பொறாமையாகவே சொன்னாள், சொல்லிவிட்டு “போ” என்றதற்காக நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எதற்கும் கேட்டு வைப்போம் என்று பூங்கோதை போய்ப் பார்த்த வக்கீல் வேறு மாதிரி சொன்னார். இரண்டு பேரும் சம்மதித்துப் பிரிவதென்றால் ஒரு வருஷம் பிரிந்திருக்க வேண்டும்; “தினமும் சாயங்காலம் வந்துட்டுப் போற மனுசனைப் பிரிஞ்சு இருக்காருன்னு எப்படிம்மா நான் எழுதறது?” என்று கேட்டார். கோயில் குருக்களோ, வெறும் தரையில் நிற்க வைக்காதீர்கள், ஒரு மணை போடுங்கள் என்றார். மணை போட்டார்கள். தடங்கள் அதன்மேல் ஏறி நின்றன. அப்படியானால் நல்லசிவம் வந்துவிட்டான் என்று தெருவில் பாதிப் பேர் சொன்னோம், காலும் வைத்தாயிற்று, மணையிலும் நின்றாயிற்று, அந்தப் பெண் செருப்பு போட்டுக்கொள்ளலாம். மீதிப் பேர், வந்தவன் சோறு தின்றானா, சம்பளம் கொடுத்தானா, சண்டை போட்டானா, இதெல்லாம் இல்லாமல் என்ன வருகை என்று கேட்டோம். வந்தானா வரவில்லையா என்கிற இந்த வழக்கு டீக்கடையில், ரேஷன் கடையில், தறிச் சத்தத்துக்கு நடுவில் என்று மார்கழி வரைக்கும் நடந்தது.

பிரகல்யாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. சாமி பாதி கொடுத்திருக்கிறது. பாதி கொடுத்த சாமி மீதியைக் கொடுக்காமல் போகாது, அது ஆரம்பித்த வேலையைப் பாதியில் விடுகிற சாமி இல்லை. அதனால் சாயங்காலம் விளக்கை ஏற்றிவிட்டு மணைக்குப் பக்கத்திலேயே புத்தகத்தோடு உட்கார்ந்துகொள்வாள். பிசிக்ஸில் எவ்வளவு, கெமிஸ்ட்ரியில் எவ்வளவு, யார் யாரோடு பேசுவதில்லை, எல்லாவற்றையும் தடங்களிடம் சொல்வாள். ரேங்க் கார்டைக்கூட அதற்கு முன்னால் விரித்து வைப்பாள். கால்களுக்குக் காது கிடையாதம்மா என்று சொல்ல எங்களில் யாருக்கும் மனசு வரவில்லை. அவள் பேசப் பேச, சமையல்கட்டில் பூங்கோதை நின்றபடியே கேட்டுக்கொண்டிருப்பாள். அந்தப் பெண் இந்தக் கதைகளை அம்மாவிடம் சொல்வதை நிறுத்தி வெகுநாள் ஆகியிருந்தது, அதை மகள் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில்தான் கஷ்டம். ஷூ இல்லாமல் வகுப்புக்குள் வரக் கூடாது என்று பி.டி. சார் அவளை வராந்தாவில் நிறுத்தினார்.

“மாலை போட்ட பசங்கள மட்டும் விடறீங்களே சார்?”

“அவனுங்க விரதத்துக்கு ஒரு முடிவு இருக்குதும்மா. உன் விரதம் எப்ப முடியும்?”

“எங்கப்பா வந்ததும்.”

“வந்துட்டாருன்னு ஊரே சொல்லுதே!”

“எனக்கு வரலீங்க சார்.”

பி.டி. சார் மூன்று பெண்களைப் பெற்றவர். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து காலை உள்ளே இழுத்துக்கொள் என்று விட்டுவிட்டார். ஆனால் கடைசி பெஞ்சுக்குக் கண்கள் நிறைய. எல்.கே.ஜி.யிலிருந்து ஒன்றாகப் படித்த சம்யுக்தா, சேர்ந்து படிக்கிறேன் என்று ஒரு சாயங்காலம் வந்தவள், மணைமேல் ஏறி நிற்கிற தடங்களை செல்போனில் படம் பிடித்து, சிரிக்கிற பொம்மை ஒன்றையும் சேர்த்து ஸ்டேட்டஸில் வைத்தாள். மறுநாள் காலைப் பிரார்த்தனைக்கு முன்னால் ஸ்கூல் முழுக்கத் தெரிந்துவிட்டது. அரை அப்பா கூட இல்லடி, கால் அப்பா என்று யாரோ சொல்ல, வகுப்பு சிரித்தது. பிரகல்யா சம்யுக்தாவின் டிபன் பாக்ஸை மூடி திறந்தபடியே ஜன்னல் வழியாக எறிந்தாள், தயிர்சாதம் கீழே நின்ற கரஸ்பாண்டெண்ட் கார்மேல் விழுந்தது, அதோடு அவர்கள் பேச்சு நின்றது.

பிறகு வேறு மாதிரி ஆயிற்று. கேலி பண்ணின பையன் ஒருவன் யாருக்கும் தெரியாமல் வந்து தடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போய் கணக்கில் செண்டம் வாங்கினான். அதற்கப்புறம் மாடல் பரீட்சை சமயம் முழுக்க, சாயங்காலமானால் பையும் கையுமாகப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள், வர முடியாதவர்களின் அம்மாக்களும் நின்றார்கள். பிரகல்யா வாசலில் நின்று எல்லாரையும் செருப்பைக் கழற்றச் சொன்னாள், அவள் முகத்தில் அப்போது ஒரு தெளிவு இருந்தது, தன் சாமியை உலகம் ஒப்புக்கொண்டுவிட்டது என்பது போல. வந்தவர்கள் எல்லாரும் கல்மாவை மிதித்து வீடு முழுக்க இழுத்துவிட்டுப் போனார்கள். பண்ணையில் நின்று திரும்பிய பூங்கோதை, அத்தனையையும் வெறுங்காலோடு நின்று வாளி வாளியாகத் துடைத்தாள். அதை நாங்கள் பார்த்தோம். பார்த்துவிட்டு, நாளைக்குக் கொட்டாங்குச்சியோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

மாசி மாதம் பள்ளிக்கூடத்தில் பாத பூஜை அறிவித்தார்கள். பொதுத்தேர்வுக்கு முன்னால் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் இது உண்டு. மைதானத்தில் ஷாமியானா போட்டு, அப்பா அம்மாவை ஜோடியாகச் சேரில் உட்கார வைத்து, பிள்ளைகள் கீழே உட்கார்ந்து அவர்கள் காலைத் தாம்பாளத்தில் வைத்துக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து விழுந்து கும்பிட வேண்டும், அதற்கப்புறம்தான் ஹால் டிக்கெட். அப்பா இல்லாத பிள்ளைகளுக்கு என்ன வழி என்று யாரோ கேட்டபோது, கரஸ்பாண்டெண்ட் அதையும் யோசித்து வைத்திருந்தார்: இறந்திருந்தால் போட்டோ வைக்கலாம். உயிரோடு இருக்கிறவருக்குப் போட்டோ வைக்கிற வழக்கம் இல்லை, தாய்மாமன் உட்காரட்டும்.

அன்றைக்குச் சாயங்காலம் பூங்கோதை துணியைப் பிழிந்தபடி கேட்டாள், “நான் மட்டும் வந்தா ஆகாதா கண்ணு?”

“ரெண்டு சேரும்மா. ஒண்ணு காலியா இருந்தா எல்லாரும் பாப்பாங்க.”

“அப்ப மாமனக் கூப்புடறேன்.”

“ஒண்ணும் வேண்டாம். அப்பா வருவாரு. நான் சாமிகிட்டச் சொல்லிட்டேன்.”

“அது பொழுது சாஞ்சாத்தான வரும்? உங்க ஸ்கூல்ல காத்தால வெக்கறாங்க.”

“எல்லாம் வரும். நீதான் நம்ப மாட்டீங்கற. ஒருநாளாச்சும் மனசாரக் கும்பிட்டிருக்கறயா? நீ கும்பிடாததுனாலதாம்மா முழுசா வராம காலு மட்டும் வருது!”

சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்கே நெஞ்சில் குத்தியது. பூங்கோதை கோபப்படவில்லை. வாளித் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு வந்து, நின்றபடி சொன்னாள், “எந்நேரத்துக்குக் கண்ணு நான் கும்பிடறது? தொடைச்சு முடிக்கறதுக்கே பொழுது பத்த மாட்டீங்குது.”

பிரகல்யா புத்தகப் பையைத் திறந்தாள். மணைக்கு முன்னால் பாத பூஜை அழைப்பிதழை வைத்து, இடத்தையும் நேரத்தையும் தடங்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினாள், வழி தெரியாவிட்டால் பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கேளுங்கள் என்பதையும் சேர்த்து. அவள் வாழ்க்கையில் அதுவரைக்கும் வைத்திருந்த நம்பிக்கை அத்தனையையும் அந்த ஒரு காலைக்கு வைத்துவிட்டாள். வராமல் போனால் அப்பா மட்டும் இல்லை, மலைமேல் நிற்கிறதும் பொய் என்றாகிவிடும், பிறகு எதற்கு விளக்கு, எதற்கு வெறுங்கால், எதற்கு எதுவும்?

அந்தக் காலையில் எங்கள் தெருப் பெண்கள் பலரும் அங்கே இருந்தோம், எங்கள் பிள்ளைகளும் அங்கேதானே படிக்கிறார்கள். பூங்கோதை அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கல்யாணப் பட்டு கட்டி, தலைக்குப் பூ வைத்து வந்து ஒரு சேரில் உட்கார்ந்தாள். பக்கத்துச் சேர் காலி. அதற்கும் பக்கத்தில் சம்யுக்தாவின் அப்பாவும் அம்மாவும், ஒரே வீட்டில் இருந்துகொண்டு வருஷக்கணக்காக மகள் வழியாக மட்டும் பேசிக்கொள்கிறவர்கள், பட்டும் சரிகை வேட்டியுமாக ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி லட்சணமாக உட்கார்ந்திருந்தார்கள். மைக்கில் மந்திரம் சொன்னார்கள். வலது காலை வைக்கவும் என்றார்கள், தண்ணீர் ஊற்றவும் என்றார்கள். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் குனிந்தார்கள், பாதிப் பேர் அழுதார்கள், ஒன்றிரண்டு அப்பாக்களும் அழுதார்கள். பிரகல்யா மட்டும் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு காலிச் சேருக்கு முன்னால் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு தடமும் வரவில்லை. சூரியன் ஷாமியானா ஓட்டை வழியாக அந்த இடத்தில் விழுந்து கிடந்தது, அவ்வளவுதான். நாங்களும் பார்த்தோம். எங்கள் பிள்ளைகள் எங்கள் காலைக் கழுவிக்கொண்டிருக்க, நாங்கள் கழுத்தைத் திருப்பி அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தோம், வந்துவிடப்பா, ஒரு காலாவது வை என்று உள்ளுக்குள் நல்லசிவத்தைக் கெஞ்சிக்கொண்டு. கெமிஸ்ட்ரி மிஸ் குனிந்து, நேரமாகுதும்மா என்றாள். பி.டி. சார் வந்தார், யாரோ ஒரு வயசான அப்பா நிற்கிறார் என்று மெதுவாகச் சொல்லி, காலிச் சேரை எடுத்துக்கொண்டு போனார்.

பூங்கோதை குனிந்து மகள் காதில் சொன்னாள், “வேண்டாம்னா எந்திரிச்சுப் போயிர்லாம் கண்ணு. ஹால் டிக்கெட்ட நான் கேட்டு வாங்கறேன்.”

நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் பிரகல்யா தலையைக் குனிந்தாள், குனிந்த இடத்தில் அம்மாவின் கால்கள் இருந்தன. தாம்பாளத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கூச்சத்தோடு. பட்டுச் சேலைக்குக் கீழே அவை யாரோ வேறொருத்தியின் கால்கள் மாதிரி இருந்தன. குதிகால் முழுக்க வெடிப்பு, கோடை ஏரி மாதிரி. ஒவ்வொரு வெடிப்புக்குள்ளும் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. அந்தப் பெண் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் சாம்பலாக இறங்கியது. கட்டை விரலால் வெடிப்பைத் தேய்த்தாள், இன்னும் இறங்கியது. கல்மாவு. ஆடியிலிருந்து மாசி வரைக்கும் அப்பாவின் கால்கள் நடந்து போட்டதையெல்லாம், அதைக் கும்பிட வந்தவர்கள் மிதித்துப் போட்டதையெல்லாம், அம்மாவின் கால்கள் வாங்கி வைத்திருந்தன. விளக்குக்கு எண்ணெய் தீர்ந்தால் அவளுக்குத் தெரியும், மணையில் பூ வாடினால் தெரியும், இது தெரியாமல் இருந்திருக்கிறது. அவளுக்கு அழுகை வந்தது, வெட்கமும் வந்தது, இரண்டில் எது முதலில் என்று சொல்ல முடியாதபடி வந்தது.

“கூசுதுடி, விடு” என்றாள் பூங்கோதை.

அவள் விடவில்லை. தாம்பாளம் நிறைந்தது. வேறு தண்ணீர் என்று திரும்பிப் பார்த்தபோது ஒரு குடம் பக்கத்தில் வந்து நின்றது. சம்யுக்தா கொண்டுவந்து வைத்துவிட்டு, தாம்பாளத்தை எடுத்துப் போய்க் கொட்டிவிட்டு வந்தாள். மைக்கில் மந்திரம் முடிந்தது, ஆசீர்வாதம் முடிந்தது, கரஸ்பாண்டெண்ட் பேசி முடித்தார், எல்லாரும் தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் வாங்கித் தின்றுகொண்டிருந்தார்கள். பிரகல்யா இன்னும் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் தண்ணீராகவே இறங்கிய பிறகுதான் மஞ்சள் வைத்தாள். விழுந்து கும்பிட்டவள் எழுந்திருக்க நேரமாயிற்று. பூங்கோதை அவள் தலையில் கை வைத்து, “பசிக்கல உனக்கு?” என்று கேட்டாள்.

அன்றைக்கும் விளக்கு வைக்கும் நேரத்தில் கால்கள் வந்தன, காலையில் தங்களை எதிர்பார்த்து ஒருத்தி உட்கார்ந்திருந்தது எதுவும் தெரியாத மாதிரி, அதே நிதானத்தோடு, சுண்டுவிரல் இல்லாமல். மணைமேல் ஏறி நின்றன. துணியோடு வந்த அம்மாவின் கையிலிருந்து பிரகல்யா துணியை வாங்கினாள். அந்த வீட்டில் அதுவரை சுற்றிலும் சிந்தினதைத்தான் துடைப்பார்கள், தடங்களைக் காய்வதற்கு முன்னால் யாரும் துடைத்ததில்லை. அவள் மணையிலிருந்து ஆரம்பித்து, ஈரம் காயாத தடங்களை ஒவ்வொன்றாக, வந்த வழியே, ஹால், வாசல், நடை என்று பின்னோக்கித் துடைத்துக்கொண்டே போனாள். கேட்டுக்கு உள்ளே இருந்த முதல் தடத்துக்கு வந்ததும் கொஞ்ச நேரம் குந்தியபடி இருந்தாள். பிறகு அதையும் துடைத்தாள்.

“போங்கப்பா” என்றாள்.

தெரு முழுக்க வாசலில்தான் இருந்தோம். எல்லாருக்கும் கேட்டது. அவள் அதோடு எதையும் சேர்க்கவில்லை, சேர்க்கச் சொல்லி நாங்களும் சொல்லவில்லை.

மறுநாள் சாயங்காலம் கால்கள் வரவில்லை, போன் வந்தது. “கண்ணு, காலு சரியாயிருச்சு சாமி! நேத்துப் பொழுது சாஞ்சதுல இருந்து மரத்துப்போகவே இல்ல. மாத்திரை கேட்டிருச்சாட்டம் இருக்குது” என்றான் நல்லசிவம், உண்மையான சந்தோஷத்தோடு. பின்னால் ஒரு சின்னப் பையன் தெரியாத பாஷையில் அவனைக் கூப்பிடுவது கேட்டது.

“சந்தோஷங்கப்பா” என்றாள் பிரகல்யா.

“அம்மா என்ன பண்ணுது?”

அவள் திரும்பிப் பார்த்தாள். துடைப்பதற்கு ஒன்றும் இல்லாமல், துணியை மடியில் வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் பூங்கோதை ஹாலில் சுவரோடு சாய்ந்திருந்தாள்.

“உக்காந்திருக்குதுங்கப்பா” என்றாள்.

எங்களுக்குத்தான் பாத்திரம் தேய்க்க வழி இல்லாமல் போயிற்று, பழையபடி சோப்புக்கட்டிக்குத் திரும்பினோம். வாசலில் குவிந்த செருப்புகளை அவரவர் அடையாளம் பார்த்து எடுத்துக்கொண்டு போனோம். வக்கீல் இனிமேல் ஒரு வருஷக் கணக்கை ஆரம்பிக்கலாம் என்றார். ருக்குமணியக்காவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை, “அப்ப விரதம் என்னாச்சு கண்ணு?” என்று கேட்டேவிட்டாள். “சாமிகிட்டச் சொல்லிட்டேங்க்கா, கோவிச்சுக்காது” என்றாள் அந்தப் பெண். சாயங்காலமானால் இப்போதும் விளக்கு ஏற்றுகிறாள். எதையும் கேட்பதில்லை. ஏற்றிவிட்டு, மலை இருக்கிற பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து படிக்கிறாள்.

பரீட்சை அன்று காலையில், ஆனி மாதம் வாங்கி, ஆடியிலிருந்து அட்டைப் பெட்டியிலேயே இருந்த ஷூவை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். சேரவில்லை. வெறுங்காலில் நடந்து நடந்து கால் அகன்றுபோயிருந்தது. பூங்கோதை கீழே உட்கார்ந்து இழுத்துப் பார்த்தாள், எண்ணெய் தடவிப் பார்த்தாள், இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் ஷூவின் பின்பக்கத்தை மிதித்து மடக்கி, செருப்பு மாதிரி மாட்டிக்கொண்டு, தரையைத் தேய்த்துத் தேய்த்து நடந்து தமிழ்ப் பரீட்சைக்குக் கிளம்பினாள். பூங்கோதை கேட் வரைக்கும் வந்து நின்றாள்.

“போயிட்டு வா கண்ணு” என்றாள்.